நானோ கருஞ்சீரக எண்ணெய் இருக்கும்போது அம்மாவுக்குக் கீமோ எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, முதல் நான்கு கீமோவும் முடிந்து, இப்போது வாராவாரம் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். 12-ல் 5 முடிந்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கோலமாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று அழுகிறார். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் 'நானோ கருஞ்சீரக எண்ணெய்' என்று 30 மி.லி. பாட்டில் ஒன்றை 4,800 ரூபாய்க்குக் கொடுத்தார். கூடவே ஓர் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையின் நகல். மூன்று மாதம் குடித்தால் கீமோவே வேண்டாமாம். அம்மா பத்து நாளாக வெறும் வயிற்றில் பத்துச் சொட்டு குடிக்கிறார், நெஞ்சு எரிகிறது என்கிறார், டாக்டரிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை அடுத்த ட்ரிப், "நான் வரமாட்டேன்" என்கிறார். கட்டுரையைப் படித்தால் எனக்கும் அது பொய் மாதிரித் தெரியவில்லை. என்ன செய்வது?
(கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். கீமோவை நிறுத்தாதீர்கள். வியாழக்கிழமைக்குக் காத்திருக்காமல் நாளைக்கே உங்கள் டாக்டருக்கோ வார்டு நர்ஸுக்கோ போன் செய்து, பத்து நாளாக இது உள்ளே போயிருக்கிறது, நெஞ்செரிச்சல் இருக்கிறது, விரல் மரத்திருக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஏதோ ஒரு கஷாயமோ பொடியோ எண்ணெயோ வீட்டில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிற குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன். சொன்னவர்களால் எங்களுக்குச் சிக்கல் வந்ததில்லை, சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் பல நேரம் ரத்தப் பரிசோதனை ஏன் இப்படி வந்தது என்று தெரியாமல் திண்டாடியிருக்கிறோம்.

இனி அந்தக் கட்டுரைக்கு வருவோம். நீங்கள் நினைத்தது சரிதான், அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இதை நான் மேம்போக்காகச் சொல்லவில்லை. எம்.ஃபார்ம் படித்தபோது என் ஆய்வே கிராம்பு எண்ணெயை நானோ எமல்ஷனாக்குவதுதான், ஒரு வருடம் முழுக்க என் துணியெல்லாம் கிராம்பு வாசனை. அதனால் இந்தத் துறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதைக் காட்டிப் பாட்டில் விற்கிறார்கள் என்றால் கோபமும் வருகிறது.

செடிகளின் வாசனை எண்ணெய் என்றால் என்ன என்று பாருங்கள். கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், ஆரஞ்சுத் தோலில் லிமோனின், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன். பூச்சியும் பூஞ்சையும் தன்னை அண்டாமலிருக்கச் செடி செய்துகொள்ளும் ரசாயனங்களில் பலவும் இப்படிப்பட்டவைதான். ஆகவே இவை செல்களைக் கொல்லக்கூடியவை என்பதில் ஆச்சரியமே இல்லை. பிரச்சினை என்னவென்றால் இவை தண்ணீரில் கரையாது, காற்றில் ஆவியாகிவிடும், வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும், வாய்வழியாகக் குடித்தால் கல்லீரல் பெரும்பகுதியை உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடும். இதையெல்லாம் சமாளிக்கத்தான் நானோ வருகிறது. எண்ணெயைச் சுமார் 20 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள துளிகளாக உடைத்து, சோப்பு மாதிரி வேலை செய்கிற ஒரு பொருளைச் சுற்றிப் போர்த்தித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள், இதுதான் நானோ எமல்ஷன். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர், அப்படியென்றால் அந்தத் துளி எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் அடைப்பார்கள், சிலர் கொழுப்பு உருண்டைகளில் அடைப்பார்கள். இதெல்லாம் உண்மையான, நல்ல விஞ்ஞானம்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் கட்டுரையில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். எம்.சி.எஃப்-7 என்ற சொல் எங்காவது இருக்கும் என்று நினைக்கிறேன், மார்பகப் புற்றுநோய் என்றாலே அதுதான் வழக்கம். அது ஒரு செல் வகையின் பெயர். 1970-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயோடு இருந்த ஒரு கன்னியாஸ்திரீயின் உடம்பிலிருந்து எடுத்த செல்கள், டெட்ராய்ட்டில் வளர்த்தார்கள், இன்றுவரை உலகமெங்கும் ஆய்வகங்களில் பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தட்டில் எண்ணெயை ஊற்றினால் செல் சாகும். அதில் பொய்யில்லை. ஆனால் தட்டில் ஈரல் இல்லை, குடல் இல்லை, ரத்தம் ஓடவில்லை, மருந்து செல்லின் மேலேயே இரண்டு மூன்று நாள் நின்றுகொண்டிருக்கிறது. உப்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டாலும் அந்தச் செல்கள் செத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதை அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் சொல்லலாம். தட்டில் செல்லைக் கொல்ல ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் தண்ணீர் மட்டும் சுமார் 30 லிட்டர் இருக்கும். அந்த 30 லிட்டரிலும் அதே செறிவு வரவேண்டுமென்றால் ஒன்றரை கிராம் சுத்தமான மருந்து உள்ளே போய், ஒரு துளிகூட வீணாகாமல், கல்லீரல் தொடாமல் அப்படியே நிற்க வேண்டும். அம்மா குடிக்கும் பத்துச் சொட்டு என்பது அரை மில்லிலிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றாலும் 50 மில்லிகிராம்தான். கருஞ்சீரகத்தைப் பிழிந்தால் வருவது பெரும்பாலும் சாதாரணக் கொழுப்பு எண்ணெய், நல்லெண்ணெய் மாதிரி. வாசனைத் தைலம் அதில் மிகச் சிறிய பங்கு, அந்தத் தைலத்திலும் தைமோகுயினோன் ஒரு பகுதி மட்டுமே. கடைசியில் ஒரு மில்லிகிராம் தேறினாலே பெரிது. ஒன்றரை கிராம் எங்கே, ஒரு மில்லிகிராம் எங்கே.

சரி, அளவைக் கூட்டிக் கொடுத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். சவூதி அரேபியாவில், வேறு சிகிச்சை எதுவும் பலிக்காத 21 புற்றுநோயாளிகளுக்குத் தைமோகுயினோனைத் தனியாகவே வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 75 மில்லிகிராமில் தொடங்கி 2,600 மில்லிகிராம் வரைக்கும் போனார்கள். பெரிய தீங்கு இல்லாமல் தாங்கிக்கொண்டார்கள், ஆனால் புற்றுநோயின் மேல் எந்த விளைவும் தெரியவில்லை. அம்மா ஒரு நாளில் குடிக்கும் பத்துச் சொட்டைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வரை கொடுத்த பிறகு கிடைத்த பதில் இது.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் லிமோனினை வைத்தும் நேர்மையான முயற்சி நடந்திருக்கிறது. பிரிட்டனில் நடந்து 1998-ல் வெளிவந்த ஆய்வில் 32 பேர். ஒரு மார்பகப் புற்றுநோயாளிக்குக் கட்டி சுருங்கி அது பதினோரு மாதம் நீடித்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. உடனே இன்னும் பத்து மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அதே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் சுருங்கவில்லை. "எங்கள் ஊரில் ஒருவருக்குச் சரியாகிவிட்டது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பதினொரு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, அந்த ஒருவரை மட்டும் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நானோ ஆக்கினால் இதெல்லாம் மாறிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் வளர்ந்தவை, சுவரில் இடைவெளி அதிகம், அதன் வழியாக நானோ துகள்கள் கசிந்து உள்ளே போய்த் தங்கும் என்று 1986-ல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் காட்டினார்கள். அந்த ஒரு கருத்தின் மேல்தான் பல்லாயிரம் ஆய்வுகள் நிற்கின்றன. ஆனால் 2016-ல், அதற்கு முந்தைய பத்து வருடத்தில் விலங்குகளில் நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து ஒரு குழு கணக்குப் பார்த்தது. ஏற்றிய துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூறில் ஒன்றுகூட இல்லை. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதுவும் ஊசிவழி நேராக ரத்தத்தில் ஏற்றியபோது. வாயில் குடித்தால் அந்த நானோ துளி குடலில் பித்தநீரிலும் கொழுப்பைச் செரிக்கும் நொதிகளிலும் பட்டு உடைந்துவிடும். உறிஞ்சப்படுவது கொஞ்சம் கூடலாம், அது உண்மை, ஆனால் அந்தத் துளி துளியாகவே பயணம் செய்து மார்பகம் வரை போய்க் கட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் என்பது நடக்கிற விஷயம் இல்லை. அம்மாவுக்கு அறுவை சிகிச்சையே முடிந்துவிட்டது என்பதையும் மறக்காதீர்கள். இப்போது தேடிப் போகக் கட்டியே இல்லை, எங்கோ ஒளிந்திருக்கக்கூடிய ஒன்றிரண்டு செல்களைத்தான் துரத்துகிறோம், அவற்றுக்கு அப்படிப்பட்ட ஓட்டை ரத்தக்குழாயே இருக்காது.

பாட்டிலைப் பற்றி இன்னொன்று. வாசனை எண்ணெய் நானோ எமல்ஷனை நிலையாக வைத்திருப்பது பெரிய வேலை. சின்னத் துளிகள் மெல்ல மெல்லக் கரைந்து பெரிய துளிகளில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை 90 நானோமீட்டர் இருந்தது அடுத்த வாரம் அளந்தால் இருநூற்றுக்கு மேல் போயிருக்கும், ஒரு வருடம் நான் மாரடித்தது இதோடுதான். அளவைத் தெரிந்துகொள்ள லேசர் ஒளியைச் செலுத்திச் சிதறலை அளக்கும் கருவி வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் பாட்டிலில் துகள் அளவு எவ்வளவு, எந்தப் பொருளை வைத்து எமல்ஷன் ஆக்கினார்கள், தைமோகுயினோன் எத்தனை மில்லிகிராம், எந்த ஆய்வகம் சோதித்தது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நெஞ்செரிச்சலுக்குக் காரணம் அந்த எண்ணெயாகவும் இருக்கலாம், அதோடு சேர்த்த சோப்புப் பொருளாகவும் இருக்கலாம், கீமோவினால் ஏற்கனவே புண்பட்ட இரைப்பையில் வெறும் வயிற்றில் இதைக் கொடுத்தால் எரியாமல் என்ன செய்யும்?

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பாக்லிடாக்செலை உடம்பிலிருந்து அகற்றுவது கல்லீரல்தான். கல்லீரல் கொஞ்சம் சோர்ந்தாலோ, அதன் நொதிகளை வேறு ஏதாவது தடுத்தாலோ, அதே அளவு கீமோ உடம்பில் அதிக நேரம் தங்கும், விரல் மரத்துப்போவது இன்னும் கூடும். அம்மாவுக்கு விரல் மரப்பது பாக்லிடாக்செலினால்தான், அது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு, ஆனால் இந்தப் பத்து நாளில் கூடியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், டாக்டருக்கு அது தேவையான தகவல். அதனால் வியாழக்கிழமைக்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் எண்ணிக்கையோடு கல்லீரல் பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஹார்மோன் மாத்திரையாக டமாக்சிஃபென் கொடுப்பதாக இருந்தால் அப்போதும் இந்த எண்ணெய் வேண்டாம். டமாக்சிஃபென் உடம்பில் போய் ஒரு குறிப்பிட்ட நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழுதாக வேலை செய்யும், கருஞ்சீரகம் அந்த நொதியைத் தடுக்கக்கூடியது. குழம்பிலோ ரொட்டியிலோ தூவுகிற கருஞ்சீரகத்தைப் பற்றி நான் பேசவில்லை, அது சமையல், தாராளமாகச் சாப்பிடட்டும்.

கீமோவை விட்டுவிட்டு மாற்று வழியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 281 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, எல்லோரும் பரவாத நிலையில், குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கு மேல். அம்மா அறுவை சிகிச்சையும் பாதிக் கீமோவும் முடித்துவிட்டதால் இந்த எண் அப்படியே அவருக்குப் பொருந்தாது. ஆனாலும் இரண்டாம் நிலை என்பது குணமாக்குவதையே குறியாக வைத்து வைத்தியம் செய்கிற நிலை. அதை நழுவவிடக் கூடாது.

அம்மாவிடம் இதையெல்லாம் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டாம். அவர் கேட்பது வேறு. "ரசாயனம் உடம்பைக் கெடுக்கிறது, மூலிகை கெடுக்காது" என்பதுதான் அவர் மனதில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் இதைச் சொல்லுங்கள்: அவருக்கு ஏறுகிற பாக்லிடாக்செல் ஒரு மரப்பட்டையில் கண்டுபிடித்தது. 1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை உரித்து எடுத்துப் போனார்கள். அதற்குள் இருப்பது என்ன என்று மன்ரோ வால் என்ற விஞ்ஞானியும், நம் நாட்டிலிருந்து போன மன்சுக் வானியும் 1971-ல் எழுதினார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல். முப்பது வருடம். அதுவும் இந்த வாசனை எண்ணெய்கள் மாதிரியே தண்ணீரில் கரையாத பொருள், அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது, அது ஒவ்வாமை கொடுத்தது, அதற்காகத்தான் ட்ரிப்புக்கு முன்னால் அம்மாவுக்கு ஸ்டீராய்டும் ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசியும் போடுகிறார்கள். அந்தப் பிரச்சினையைத் தீர்க்க, ரத்தத்திலேயே இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள், 2005-ல் அனுமதி கிடைத்தது, இன்று இந்தியாவிலும் கிடைக்கிறது. செடியிலிருந்து வந்து நானோவாகிப் புற்றுநோய்க்கு மருந்தானது என்றால் அது இதுதான். (அதற்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம், விரல் மரப்பது அதிலும் உண்டு.) நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினும் இப்படித்தான், 1960-களிலிருந்து எத்தனையோ குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அது ஏறிக்கொண்டிருக்கிறது.

வாசனை எண்ணெய்ப் பக்கமும் கதவு மூடிவிடவில்லை. சீனாவில் மஞ்சள் இனத்துச் செடி ஒன்றின் தைலத்திலிருந்து எடுக்கும் எலெமீன் என்ற பொருளை எமல்ஷன் ஊசியாக 1990-களிலிருந்தே மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். ஆனால் அதையும் பெரும்பாலும் கீமோவோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், ரத்தக்குழாய் வீக்கம் என்று அதற்கும் பக்கவிளைவு உண்டு, ஆய்வுகளின் தரம் போதாது என்று வெளிநாட்டவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பிரேசிலில் பெரில்லைல் ஆல்கஹால் என்ற வாசனைப் பொருளை மூளைக் கட்டிக்காரர்களுக்கு மூக்குவழி கொடுத்துப் பார்க்கிறார்கள், அதையே மாத்திரையாகக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. எந்த வழியாக, எவ்வளவு, எந்த நோய்க்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எந்தப் புற்றுநோய்க்கும் எல்லோரும் பத்துச் சொட்டு என்பதில் அந்த மூன்றுமே இல்லை.

இப்போது விரலுக்கு வருகிறேன், ஏனென்றால் அம்மா உண்மையில் ஓடுவது கீமோவைக் கண்டு அல்ல, அந்த மரத்துப்போன விரலைக் கண்டு. இதை டாக்டரிடம் அவர் தெளிவாகச் சொல்லவில்லை என்று சந்தேகப்படுகிறேன். "கொஞ்சம் மதமதப்பு" என்று சொல்லியிருப்பார். நீங்கள் சொல்லுங்கள்: கோலமாவு பிடிக்க முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, இரவில் எரிகிறதா. இதைக் கேட்டால் டாக்டருக்குச் செய்ய எத்தனையோ வழி உண்டு. அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளிப் போடலாம், மருந்தையே மாற்றலாம், வலியாக இருந்தால் அதற்கு டுலோக்செடின் மாதிரி மாத்திரை உண்டு. சில இடங்களில் ட்ரிப் ஏறும்போது கைகால்களுக்குக் குளிர்ந்த உறை மாட்டுகிறார்கள், உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று கேளுங்கள். பலருக்கு மருந்து முடிந்து சில மாதங்களில் உணர்ச்சி மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், அதனால்தான் இப்போதே சொல்ல வேண்டும். அதுவரை சுடுதண்ணீரை விரலால் பதம் பார்க்க வேண்டாம், முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடட்டும்.

வாசனை அம்மாவுக்குப் பிடிக்குமென்றால் கைக்குட்டையில் ஒரு சொட்டு எலுமிச்சையோ புதினாவோ விட்டு முகர்ந்துகொள்ளட்டும், குமட்டலும் பதற்றமும் இருக்கிற நேரத்தில் சிலருக்கு இதமாக இருக்கும். குடிக்க மட்டும் வேண்டாம், மரத்துப்போன தோலில் நேராகத் தேய்க்கவும் வேண்டாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

சித்தப்பாவின் மேல் கோபப்படாதீர்கள், அண்ணி பிழைக்க வேண்டுமென்றுதான் அவர் ஓடியிருக்கிறார். ஆனால் விற்றவரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். புற்றுநோய் குணமாகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-லிருந்தே நம் நாட்டில் சட்டப்படி குற்றம், அது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இது ஆராய்ச்சியில் இருக்கிற மருந்து என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மனிதர்களில் முறையாக நடக்கும் மருந்துச் சோதனை எதுவும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அப்படிப்பட்ட சோதனையில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் 4,800 ரூபாய் வாங்க மாட்டார்கள். பணக் கஷ்டமும் கீமோவை விடுவதற்கு ஒரு காரணம் என்றால் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் பலர் எழுதுவதில்லை) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை அடங்கும், வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, மருத்துவமனையிலேயே அதற்கான மேசை இருக்கும், விசாரியுங்கள்.

வியாழக்கிழமை போகும்போது அந்தப் பாட்டிலையும் கட்டுரை நகலையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தகத்தில் என்னைப் போல ஒருவர் இருப்பார், அவரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் இன்று ராத்திரி, "வரமாட்டேன்னா வேண்டாம், டாக்டர்கிட்ட விரலைக் காட்டிட்டு வந்துடலாம், மருந்து ஏத்தறதா வேண்டாமான்னு அங்கே போய்ப் பேசிக்கலாம்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.